ஒளிப்படத்தின் ஆயுள்



இறந்தார் உருவத்தை இருந்தார் கண்டு போற்றவேண்டுமென்னும் விருப்பம் மக்கட் கூட்டத்திற்கு மிகப் பழமையானது. போரிற் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி, அதன்கண் அவன் பெயரும் பீடும் பொறித்தனர் நம் முன்னோர். அரசர் தம் அறச்செயல்களைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தனர். புலவர் தம் நூல்களைப் பனையோலையில் எழுதிவைத்தனர். இவை பெயரையும் செயலையும் சொல்லையும் காத்தன. எளியாரின் முகத்தைக் காக்க வல்லனவாயில்லை. குடியானவன் ஒருவனுடைய முகத்தையும் அவன் மறைந்த பின்னர் அவன் பேரப்பிள்ளைகள் காணக்கூடும் என்னும் பேறு, ஒளிப்படக்கலை தோன்றிய பின்னரே உலகிற்கு வாய்த்தது. அப்பேறு வாய்த்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளே ஆகின்றன.

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன். சென்ற தை மாதத்தில் உறவினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர்தம் தந்தையார் காலத்துப் படங்களும் நெகடிவ்களும் நிரம்பிய தகரப்பெட்டியொன்று திண்ணையில் வைக்கப்பட்டிருந்தது. "எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம், மாமா. இனி இந்தக் குப்பை எதற்கு? பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம் என்றிருக்கிறோம்" என்றான் அவ்வீட்டு இளைஞன். யான் அவனோடு வழக்காடவில்லை. "சில நாள் என்னிடம் இருக்கட்டும், தம்பி" என்று கூறிப் பெட்டியை எடுத்து வந்துவிட்டேன். அன்றே விடை கூறாமைக்குக் காரணம், விடை எனக்கே தெளிவாயில்லாமைதான். பிலிமில் உள்ள படம் நெடுங்காலம் நிற்குமா, டிஜிட்டல் என்னும் எண்முறைப் படம் நெடுங்காலம் நிற்குமா? இவ்வினாவிற்கு விடை காண வேண்டின், அவ்விரண்டும் இதுகாறும் கடந்துவந்த வரலாற்றையே நாம் சான்றாகக் கேட்டல் வேண்டும்.

முதலிற் பிலிமின் வரலாற்றைப் பார்ப்போம். பிரெஞ்சு நாட்டினரான நியெப்ஸ் என்பார் 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில், தம் இல்லத்து மாடிச் சாளரத்தின் வழியே தோன்றிய காட்சியை, நிலக்கீல் பூசிய வெள்ளீயக் கலவைத் தகடொன்றில் ஒளியைக் கொண்டே பதித்தார். காமிராவினால் எடுக்கப்பெற்று இன்றளவும் எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழையது அதுவே. அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அத்தகடு இன்றும் உளது. அடுத்து ஆங்கிலேயரான டால்பாட் என்பார், ஒளியும் நிழலும் தலைமாறித் தோன்றும் நெகடிவ் ஒன்றிலிருந்து எத்துணைப் பிரதிகளும் எடுக்கலாகும் முறையைக் கண்டு, 1841-இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார்.

இம்முறை நம் நாட்டிற்கும் விரைந்து வந்தது. சென்னை மாகாண அரசாங்கத்தின் படக்கலைஞராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், 1858-இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கும் மதுரைக்கும் சென்று, மெழுகேற்றிய காகித நெகடிவ்களில் படங்கள் எடுத்தார். பெருவுடையார் கோயில் விமானத்தின் அடிப்பகுதியிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு வரிசையைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 தாள்களை ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். நூற்றறுபது ஆண்டுகட்கு மேலாகியும் அவர் எடுத்த படங்கள் காணக்கிடைக்கின்றன. அவற்றைக் காண நமக்கு வேண்டியவை கண்ணும் வெளிச்சமுமே.

அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் எளியோரும் கையாளத்தக்க கோடக் காமிராவைக் கொணர்ந்தார். மறுவருடம் ஒளி ஊடுருவும் செல்லுலாயிடுச் சுருளை விற்பனைக்கு விடுத்தார். நாம் பிலிம் என வழங்குவது இதன் வழிவந்ததே. நெகிழும் தளமொன்றின்மேல் ஜெலட்டின் பூச்சும், அப்பூச்சினுள் வெள்ளி உப்பின் நுண்துகள்களும் உள. ஒளி பட்ட துகள்கள் மருந்தில் கழுவப்பட்டவுடன் கருநிற வெள்ளியாகி நிலைத்துவிடுகின்றன. ஆகவே கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள படம், உலோகத் துகள்களாலாகிய ஒரு பொருள் என்பது அறியத்தக்கது.

அப்பொருளின் உறுதிக்கு ஒரு வரலாறு கூறுவேன். சுவீடன் நாட்டுப் பொறியறிஞரான ஆந்திரே என்பார், ஆகாயக் கூண்டிலேறி வடதுருவத்தைக் கடக்க எண்ணினார். ஸ்டிரிண்ட்பெர்க், பிரங்கெல் என்னும் இளைஞர் இருவர் அவருடன் சென்றனர். ஸ்டிரிண்ட்பெர்க் படமெடுத்தலில் வல்லவர். 1897-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, வடகடலிலுள்ள ஸ்வால்பார் தீவுக்கூட்டத்தின் தீவொன்றிலிருந்து மூவரும் புறப்பட்டனர். கூண்டு மூன்று நாட்களும் முற்ற நிலைக்கவில்லை. 14-ஆம் தேதி பனிக்கட்டியின்மேல் இறங்கிவிட்டது. பின்னர் இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பனிவெளியிற் சுமையிழுத்து நடந்து, அத்தீவுக்கூட்டத்தின் கீழ்க்கோடியிலுள்ள வெண்டீவை அடைந்து, அங்கே மூவரும் உயிர்நீத்தனர். அவர்கட்கு நேர்ந்தது யாது என்பதை முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகம் அறியவில்லை.

1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, நார்வே நாட்டுக் கப்பலொன்றில் வந்தவர்கள் அத்தீவில் அவர்தம் எச்சங்களைக் கண்டனர். நாட்குறிப்புகளுடன், ஒளி பதிந்தும் மருந்திற் கழுவப்படாத பிலிம் சுருள்களும் பனியினடியிற் கிடந்தன. சுவீடன் தலைநகரில் ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் ஒளிப்பட ஆசிரியர் அவற்றைத் தாய் தன் மகவைக் குளிப்பாட்டுவதுபோற் கழுவினார். 240 என்று கணக்கிடப்பட்ட படங்களுள் 93 மீண்டன. பனியின்மேற் சாய்ந்து கிடக்கும் ஆகாயக் கூண்டும், அதனை நோக்கியவாறு வாளாநிற்கும் இருவரும் அவற்றுள் ஒன்றிற் காணப்படுவர். எடுத்தவர் இறந்தார், எடுக்கப்பட்டவர் இறந்தனர், சுருளைக் காப்பார் ஒருவருமிலர், எனினும் படம் காத்திருந்தது. அண்டார்க்டிகாவிலும் இத்தகையது நிகழ்ந்தது. ஸ்காட் என்பாரின் பழைய குடிலொன்றில் 2013-இல், ஒட்டிக்கட்டியாகிக் கிடந்த 22 நெகடிவ்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ நூறாண்டு கழிந்தும் அவற்றிற் படம் இருந்தது.

இவற்றைக் கேட்டுப் பிலிம் அழிவற்றது என்று முடிவு செய்தல் பிழையாகும். அவை குளிர் மிக்க நாட்டின் கதைகள். பிலிமிற்கும் அதற்கே உரிய நோய்கள் உள. தொடக்ககாலத்து நைட்ரேட்டுப் பிலிம் எளிதில் தீப்பற்றுவது. பற்றியபின் தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே தந்துகொண்டு நீரினுள்ளும் எரிவது. 1937-ஆம் ஆண்டு ஜூலையில் நியூ ஜெர்ஸியிலுள்ள லிட்டில் பெர்ரி என்னும் ஊரில் பாக்ஸ் கம்பெனியின் படக்கிடங்கு தீப்பற்ற, அக்கம்பெனியின் ஊமைப்படங்களுட் பெரும்பாலானவை சாம்பலாயின.

தீப்பற்றாத பிலிம் வேண்டுமென்று செல்லுலோஸ் அசிடேட்டினால் ஆக்கியபோது வேறொரு நோய் வந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் அத்தளம் சிதைந்து புளிக்காடி மணத்தை வெளியிடும், சுருங்கும், நெளியும், அருகிலுள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். 1948-இல் வெளிவந்த டிரை-அசிடேட்டுப் பிலிமில் இக்கேடு தோன்றியதைப் பத்தாண்டுகளுக்குள் முதன்முதலில் அதனை ஆக்கியோர்க்கு அறிவித்தது இந்திய அரசாங்கமே என்பது நாம் கருதத்தக்கது. நம் நாட்டு வெயிலும் புழுக்கமும் பிலிமின் பகைகள். வண்ணப் பிலிமிலோ வெள்ளித் துகள் இறுதியில் நீக்கப்பட்டுச் சாயமே நிற்றலின், அது கறுப்பு வெள்ளையினும் விரைவில் மங்கும். நம் இல்லங்களில் 1980-ஐ ஒட்டிய வண்ணப்படங்கள் செம்மை பூத்திருத்தலும், அவற்றிற்கு முப்பதாண்டு மூத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் தெளிவாயிருத்தலும் பலரும் கண்டதே.

நிற்க. இனி எண்முறைப் படத்தின் வரலாற்றைக் காண்போம். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்க ஆய்வுக்கூடமொன்றில், ரஸ்ஸல் கிர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் படத்தை நெடுக்கில் 176, குறுக்கில் 176 எனச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக மாற்றிக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். 1975 டிசம்பரில், கோடக் கம்பெனியில் பணியாற்றிய ஸ்டீவன் சாஸன் என்னும் இளம் பொறியறிஞர், பிலிமின்றியே படமெடுக்கும் காமிராவை ஆக்கினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரு படத்தைப் பாட்டுக் கேட்கும் காஸெட்டு நாடாவிற் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அதன் வழித்தோன்றல் இன்று ஆடு மேய்க்கும் சிறுவன் சட்டைப்பையிலும் உளது. பிலிமை உலகெங்கும் பரப்பிய அதே கோடக் கம்பெனி, 2012 ஜனவரியில் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது.

எண்முறைப் படமாவது யாது? ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளால் எழுதப்பட்ட மிக நீண்ட எண்வரிசையே அது. இதனால் அதற்குக் கிடைத்த நலம் பெரிது. நெகடிவிலிருந்து எடுக்கும் பிரதி மூலத்தினும் சிறிது குறைந்தே தோன்றும். பிரதியின் பிரதி இன்னும் குறையும். எண்வரிசையைப் படியெடுத்தாலோ மூலத்திற்கும் படிக்கும் அணுவளவும் வேற்றுமை இல்லை. நூறாவது படியும் மூலமே. ஓரிடத்தில் வெள்ளம் புகினும் வேறிடத்துப் படி பிழைக்கும். 2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் திருமண ஆல்பங்களைச் சேற்றிலிருந்து எடுத்தவர்கள் இந்நலத்தின் அருமையை உணர்வார்கள். ஆதலின் எண்முறையை இகழ்தல் என் கருத்தன்று.

ஆயினும் அவ்வெண்வரிசை தனித்து நிற்க வல்லதன்று. அது நான்கு தூண்களின்மேல் நிற்பது. எழுதப்பட்ட தட்டு அல்லது சில்லு முதலாவது. அதனைப் படிக்கும் இயந்திரம் இரண்டாவது. எண்களைப் படமாக்கும் முறையை அறிந்த மென்பொருள் மூன்றாவது. அதனைத் தன் பொறுப்பிற் கொண்ட மனிதனோ கம்பெனியோ நான்காவது. நான்கனுள் ஒன்று சரியினும் படம் சரியும். இதற்கும் வரலாறே சான்று.

1966, 1967-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கர் ஐந்து கலங்களைச் சந்திரனைச் சுற்றிவர அனுப்பினர். கலத்தினுள்ளேயே பிலிம் கழுவப்பட்டு, படம் வானொலி அலையாய்ப் பூமிக்கு வந்து காந்த நாடாக்களிற் பதிந்தது. சந்திரனருகிலிருந்து நம் பூமி தோன்றும் படம் 1966 ஆகஸ்டு 23-இல் எடுக்கப்பட்டது அவற்றுள் ஒன்று. அந்நாடாக்களில் எழுதப்பட்டவை எண்களல்லவெனினும், இயந்திரமின்றிப் படிக்கவொண்ணாமையில் அவை எண்முறைக்கு உடன்பிறந்தனவே. நாளடைவில் அவற்றைப் படிக்கும் இயந்திரங்கள் உலகில் அரியவாயின. நான்ஸி எவன்ஸ் என்னும் ஆவணக் காப்பாளர் அம்மையார் நாடாக்களை அழிக்க இசையாது காத்ததோடு, கழித்துவிடப்பட்ட இயந்திரங்கள் சிலவற்றையும் பெற்றுத் தம் இல்லத்து வண்டிக்கொட்டகையில் வைத்திருந்தார். 2008-இல் ஆர்வலர் சிலர் கலிபோர்னியாவில், மூடிக்கிடந்த உணவுக்கடையொன்றில் அவ்வியந்திரங்களைச் செப்பனிட்டு, அவ்வாண்டு நவம்பரில் பூமியின் அப்படத்தை முன்னினும் தெளிவாக மீட்டனர். அவ்வம்மையார் இடமில்லையென்று இயந்திரங்களைத் தள்ளியிருப்பின், ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்நாடாக்கள் ஊமைகளாயிருக்கும்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. 1086-ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையெல்லாம் கணக்கெடுத்துத் தோலேட்டில் எழுதுவித்தான். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பி. பி. சி. நிறுவனத்தார், பத்து லட்சத்திற்கு மேற்பட்ட மக்களின் துணைகொண்டு ஊர்ப்படங்களும் குறிப்புகளும் திரட்டி, லேசர் தட்டுக்களிற் பதித்தனர். பதினாறு ஆண்டுகள் கழியுமுன் அத்தட்டுக்களைப் படிக்கும் இயந்திரங்கள் அருகிப்போயின. 2002-இல் இரு பல்கலைக்கழகத்தார் பழைய கணிப்பொறியைப் போலவே நடிக்கும் மென்பொருளொன்றை இயற்றியே அவற்றைப் படிக்க நேர்ந்தது. தொள்ளாயிரம் ஆண்டுத் தோலேடோ இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் திறந்தவுடன் படிக்கக் கிடைக்கின்றது.

நான்காம் தூணாகிய பொறுப்பாளரின் நிலையும் அத்தகையதே. மைஸ்பேஸ் என்பது ஒருகாலத்தில் கோடிக்கணக்கான மக்கள் தம் படங்களையும் பாட்டுக்களையும் வைத்திருந்த இணையத்தளம். 2016-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்றப்பட்டவை, இயந்திரம் விட்டு இயந்திரம் மாற்றுங்கால் தொலைந்தன என்று 2019-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறர் வீட்டுப் பரணில் நம் பெட்டியை வைத்துவிட்டு அயர்ந்து உறங்குவதற்கு ஒப்பானது நம் படங்களுக்கு இணையத்தளமொன்றையே நம்பியிருத்தல்.

என் சொந்த இழப்பையும் ஈண்டுக் கூறல் தகும். என் அன்னையாரின் இறுதி ஐந்தாண்டுப் படங்களை, பேரப்பிள்ளைகளோடு அவர் சிரித்து விளையாடிய படங்களை, கைபேசியிலிருந்து ஹார்ட் டிஸ்க் ஒன்றிற்கு மாற்றித் துணியிற் பொதிந்து பீரோவில் வைத்தேன். நன்கு காத்துவிட்டோம் என்னும் மனநிறைவோடு கைபேசியிலிருந்தவற்றை அழித்தும் விட்டேன். மூன்றாண்டு கழித்து அவர் திதியன்று அதனை எடுத்து இணைத்தபோது, உள்ளே ஏதோ தட்டும் ஓசை மாத்திரம் கேட்டது. பழுதுபார்ப்போர் இருவரும் கைவிரித்தனர். அவர் மணக்கோலத்தில் என் தந்தையாருடன் ஸ்டூடியோவொன்றில் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், ஒருவரும் பேணாமலே ஐம்பது ஆண்டுகளாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கின்றது. நான் பேணியதாக நினைத்தது போயிற்று, பேணாதது நின்றது.

இவ்வேற்றுமையே இப்பொருளின் உயிர்நிலை. பிலிம் சிறிது சிறிதாகச் சாவது. மங்கும், கறைபடும், மணம் வீசும். "என்னைக் கவனி" என்று பல ஆண்டுகள் முன்னரே நம்மை அழைக்கும். பாதி அழிந்த பிலிமும் பாதிப் படத்தைத் தரும். எண்முறைப் படம் நேற்றுவரை குறைவின்றி விளங்கி இன்று முற்றும் மறையக்கூடும், முன்னறிவிப்பு ஒன்றுமில்லை. பிலிம் நம் மறதியை ஓரளவு பொறுக்கும். எண்முறைப் படமோ நம் இடையறாத கவனத்தினாலேயே உயிர்வாழும். 2011 மார்ச்சு 11-இல் ஜப்பானியக் கடற்கரையை ஆழிப்பேரலை விழுங்கியபோது, சேற்றிற் கிடந்த லட்சக்கணக்கான காகிதப் படங்களைத் தொண்டர்கள் நன்னீரிற் கழுவி, உலர்த்தி, உரியவர்களைத் தேடிக் கொடுத்தனர். அச்சேற்றிற் காகிதப் படம் தன் முகத்தைத் தானே காட்டி "யான் இன்னார்" என்றது. உப்புநீர் புகுந்த கைபேசி அங்ஙனம் பேச வல்லதன்று.

இடையறாத கவனத்திற்குப் பொருட்செலவும் உண்டு. அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், ஒரு திரைப்படத்தின் மூலத்தைப் பிலிமாக வைத்து ஓராண்டு காப்பதற்கு 1,059 டாலரும், எண்முறையில் வைத்துக் காப்பதற்கு 12,514 டாலரும் ஆகும் எனக் கணக்கிட்டனர். விலைகள் பின்னர் மாறியிருக்கலாம். ஆயினும் பிலிமைக் குளிர்ந்த அறையில் வைத்துக் கதவடைக்கலாம், எண்களையோ சில ஆண்டுகட்கொருமுறை புதுத்தட்டிற்கு மாற்றிக்கொண்டேயிருக்கவேண்டும் என்னும் உண்மை மாறவில்லை.

தமிழ் கற்றார்க்கு இது புதிய செய்தியன்று. பனையோலை நம் வெப்பத்திலும் செல்லரிப்பிலும் சில நூற்றாண்டுகளே நிற்க வல்லது. சங்கப் புலவர் கைப்பட எழுதிய ஏடு ஒன்றேனும் இன்று உளதா? இல்லை. அவர் பாட்டுக்கள் மாத்திரம் எங்ஙனம் வந்தன? தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தமையினால் வந்தன. படியெடுப்பார் இருந்த நூல்கள் நின்றன. இல்லாத நூல்கள் பெயரளவிற் போயின. நைந்த சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படியெடுத்த பின்னரே விடுதல் வேண்டும். படியெடுத்தல் மறந்து ஆற்றில் விடுதல் மாத்திரம் நின்ற வீடுகளில் எத்துணை நூல்கள் கடலிற் கலந்தனவோ! டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் ஊர்தோறும் ஏடு தேடியலைந்ததும், ஓர் ஏட்டிற் சிதைந்ததை மற்றோர் ஏட்டால் நிரப்பியதும் நாம் அறிந்தனவே. ஒரே ஏடாயிருந்திருப்பின் அவராலும் யாது செய்யக்கூடும்? எண்முறைப் படம் ஓலைச்சுவடியின் இனத்தைச் சார்ந்தது. படியெடுப்பார் கைப்பிழை அதனில் இல்லையென்பதொன்றே அதன் மேன்மை. பிலிம் கல்வெட்டின் இனத்தைச் சார்ந்தது. ஒன்று பணியாளரை வேண்டுவது. மற்றொன்று இடத்தை வேண்டுவது.

இவ்வுண்மையை இக்காலத்து அறிஞரும் உணர்ந்துள்ளனர் என்பதற்கு, ஆந்திரேயும் அவர் தோழரும் மாண்ட அதே ஸ்வால்பார் தீவுக்கூட்டம் சான்று பகர்கின்றது. அங்கே கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கமொன்றில், 2017 மார்ச்சு மாதத்தில், நார்வே நாட்டுக் கம்பெனியொன்று ஆவணக் காப்பகம் ஒன்றைத் திறந்தது. பிரேசில், மெக்ஸிகோ நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகங்கள் முதலிலேயே தம் செல்வத்தை அங்கு அனுப்பின. அங்கே எண்கள் எதன்மேல் எழுதப்படுகின்றன? பிலிமின்மேல்! ஒன்றும் சுழியும் நுண்புள்ளிகளாகப் பிலிமிற் பதிக்கப்படுகின்றன. அவற்றை மீட்டெடுக்கும் முறையும், மனிதர் கண்ணாற் படிக்கத்தக்க எழுத்தில் அதே சுருளில் எழுதப்படுகின்றது. எண்முறை தன் நெடுவாழ்விற்குப் பிலிமையே நாடி அடைக்கலம் புகுந்தமை இதனால் விளங்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் பனியில் மறைந்திருந்த சுருள்கள் தந்த படிப்பினையை, அதே பனியில் மீண்டும் கற்றுக்கொண்டனர் போலும்.

ஆதலின், இளைஞனுக்கு யான் கூறும் விடை இது: ஸ்கேன் செய்தது மிக நன்று, அதன் பின் மூலத்தை எறிதல் தீது. இரண்டும் ஒன்றற்கொன்று காவலாக இருக்கவேண்டுவனவேயன்றி, ஒன்று மற்றொன்றன் இடத்தைப் பறிக்கவேண்டுவன அல்ல. இனி நம் இல்லங்களிற் செய்யத்தக்கனவற்றைச் சுருங்கக் கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, பழைய நெகடிவ்களையும் படங்களையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டாமல், காகித உறைகளில் இட்டு, ஈரமில்லாத உள்ளறையில் வைத்தல் வேண்டும். ஓட்டிற்கு அடியிலுள்ள பரண் ஆகாது. சமையலறைச் சுவரும் ஆகாது. புளிக்காடி மணம் வீசும் நெகடிவ்களைப் பிரித்து வேறாக வைத்து, முதலில் அவற்றை ஸ்கேன் செய்க.

இரண்டாவது, எண்முறைப் படங்களுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒரு படியேனும் வேறூரிலுள்ள உடன்பிறந்தார் இல்லத்தில் இருத்தல் வேண்டும். வாட்ஸப்பில் வந்த படம் வழியிற் குறைக்கப்பட்டதாதலின் அதனை மூலமாகக் கொள்ளற்க.

மூன்றாவது, ஆண்டுக்கொருநாள் குறித்துக்கொண்டு எல்லாப் படிகளையும் திறந்து பார்த்தல் வேண்டும். ஆயுத பூசையன்று நூல்களைத் துடைத்து அடுக்குகின்றோமன்றோ? அன்றே இதனையும் செய்யலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டிற்கு மாற்றுதல், ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர் பணியின் தொடர்ச்சியேயாம்.

நான்காவது, ஆயிரக்கணக்கிற் படமெடுத்துக் குவித்தலினும், ஆண்டுக்கு இருபது படங்களைத் தேர்ந்து நல்ல தாளில் அச்சிட்டு வைத்தல் சிறந்தது. இணையத்தைத் தோற்றுவித்த அறிஞருள் ஒருவரான வின்டன் செர்ப் என்பாரே 2015-இல், உயிரினும் இனிய படங்களைத் தாளில் அச்சிட்டு வையுங்கள் என்று உலகிற்கு அறிவுரை கூறினார்.

ஐந்தாவதே தலையாயது: படத்திலுள்ளார் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைத்தல். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம். முதியோர் இருக்கும்போதே அவரருகிற் சென்று கேட்டு எழுதுக. பெயர் தெரியாத முகம், எழுத்தழிந்த நடுகல்லை ஒக்கும். பிலிமாயினும் எண்ணாயினும் அதனைக் காத்துப் பயனென்னை?

அத்தகரப்பெட்டி இன்னும் என் அறையிலேயே இருக்கின்றது. ஒருநாள் இரவு அதனைத் திறந்து, நெகடிவ் ஒன்றை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன். கோயில் மண்டபத்தின் முன் பதினொருவர் நிற்கின்றனர். அவர்களுள் தலைப்பாகை அணிந்த ஒருவர் மடியில் குழந்தையொன்று. அக்குழந்தை யார், அம்முதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவ்விளைஞனின் பாட்டியாருக்கு வயது எண்பத்தெட்டு. அவர் ஒருவருக்கே தெரியும். தம்பி இக்கட்டுரையைப் படித்தபின் பெட்டியை வந்து எடுத்துச்செல்வானாக. ஒரு பென்சிலையும் உடன் கொண்டு, தன் பாட்டியாரின் பக்கத்தில் அமர்வானாக. தாழ்த்தற்க.